இருநூற்று முப்பது வோல்ட்டில் ஒரு மில்லிங் மெஷின்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சண்டை போடப் போன இடத்தில் கிடைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓர் உறுமல் சுவரைத் தாண்டி வந்து என் எழுத்து மேசையை நடுங்கவைத்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனவன், இரண்டு மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியாக இதை எழுதினேன்: "இரும்பும் இதயமும் சந்திக்கும் அந்த அறையில்..." எனக்கே கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

2.

பக்கத்து வீட்டு மில்லிங் அக்கா இருபத்திரண்டு வருடமாகப் பட்டறையில், இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டுபவர். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் துணைக்கு ஆள் இல்லாமல் முடியாது. அக்காவின் விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வீட்டிலேயே ஓட்டிப் பார் என்று முதலாளி ஒரு பழைய மெஷினை அனுப்பியிருந்தார். ஓடினால் பட்டறை வேலையை இங்கிருந்தே செய்யலாம். ஓடாவிட்டால் கணவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். அண்ணன் இருப்பது வேறு ஊர்.

மெஷினுக்கு வேண்டியது மூன்று பேஸ், நானூறு வோல்ட். வீட்டுக்கு வருவது ஒரே பேஸ், இருநூற்று முப்பது.* நான் கேட்ட உறுமல், அவர் தூங்கும்போது அக்கா ஒரு டிரைவ் பெட்டி வழியாகத் தானே மாட்டிப் பார்த்த வேலை. மோட்டார் கத்தியதே தவிர, கட்டர் இரும்பில் இறங்கவில்லை.

(* 'டிரைவ்' என்றொரு பெட்டி ஒரு பேஸை மூன்றாக்கிக் கொடுக்கும். மோட்டாரின் கம்பி இணைப்பை 'ஸ்டார்' என்ற முறையிலிருந்து 'டெல்டா' என்ற முறைக்கு மாற்றினால் குறைந்த வோல்ட் போதும். எல்லா மோட்டாரிலும் முடியாது. எனக்கு இது புரிய மூன்று டம்ளர் டீ ஆயிற்று.)

3.

கணவரை முதலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊமை நோயாளியாக எழுதியிருந்தேன். பரிதாபம் நன்றாக வந்தது. ஆனால் பொய். அவருக்கு வாய் சும்மா இருக்காது. கட்டிலில் படுத்தபடியே வேலை வாங்கினார்.

"அந்தப் பித்தளைப் பட்டைய கழட்டு. குறுக்க இருக்கறத நெடுக்க போடு, டெல்டா ஆயிடும்."

"போட்டாச்சு."

"மெஷின்ல இருக்கற பழைய சுவிட்ச எடுத்துடு. மோட்டார் ஓடும்போது அத அமுக்கினா டிரைவ் போயிடும். நிறுத்தறதெல்லாம் டிரைவ்லதான்."

"எனக்குத் தெரியாதா? அது பாட்டுக்கு இருக்கட்டும். அங்க வெறுமையா இருந்தா கைக்கு ஒரு மாதிரி இருக்கு."

இந்த முறை கட்டர் இறங்கியது. அக்கா ஓர் இரும்புத் துண்டில் நேராகப் பள்ளம் வெட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. வெட்டி முடித்ததும், இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போய்ப் பழைய சுவிட்சை அமுக்கியது. டப்பென்று ஒரு சத்தம். பெட்டியில் எரிந்த எண்கள் அணைந்தன.

"அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேங்க."

அவர் திட்டவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

4.

பெட்டி பழுதுபார்க்கப் போயிருக்கிறது. சரியாகுமா என்பது நாளை, சனிக்கிழமை, தெரியும் என்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? மூன்று முடிவு எழுதிவைத்தேன்.

அ) பெட்டி சரியாகி வருகிறது, மெஷின் ஓடுகிறது. (சுபம் போடுவதுதான் பாக்கி.)

ஆ) முதலாளி விடுப்பை நீட்டுகிறார். (அவரை நான் பார்த்ததே இல்லை. இன்னும் நல்லவராக்க எனக்கு என்ன உரிமை?)

இ) பெட்டி வரவில்லை. திங்கட்கிழமை காலை அண்ணனின் கார் வாசலில் வந்து

மூன்றாவதுதான் இலக்கியமாக இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய் முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"டெல்டாவ சரியா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார் எலக்ட்ரீஷியன்.

அக்கா வாசல் வரை வந்தார். "தம்பி, மெஷின் ஓடலன்னு வேணா எழுதிக்குங்க. நான் பண்ணின தப்பையும் எழுதுங்க. அவர மட்டும் கார்ல ஏத்திடாதீங்க."

5.

ஏற்றவில்லை. அந்த வாக்கியத்தைக் கார் வாசலுக்கு வந்த இடத்திலேயே வெட்டிவிட்டேன். முதல் முடிவை எழுதவோ எனக்குத் துணிவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. நாளையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா கேட்டதை மட்டும் தட்டாதீர்கள்.