ஓய்ஜமாலின் அடுப்பை இடிக்க வந்தவர்கள்

தஜிக் நாட்டில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்ததும் நகராட்சிக்கு அழகுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருவைப் பார்த்த சுவர்களுக்கெல்லாம் வெண்ணெய் நிறப் பூச்சு. பின்பக்கம் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் அப்படியே. மாடியில் துணி காயப்போட்டால் அபராதம், ஆடு வளர்த்தால் அபராதம். கடைசியில் அடுக்குமாடி முற்றங்களில் இருந்த ரொட்டி அடுப்புகள் மேல் கண் விழுந்தது. கேஸும் கரண்டும் இல்லாத சண்டைக்காலத்தில் ஊர் உயிர் பிழைத்ததே அந்த மண்ணடுப்புகளால்தான். அதெல்லாம் நகராட்சிக்கு எங்கே ஞாபகம்!

ஓய்ஜமாலுக்கு அடுப்புதான் பிழைப்பு. ரொட்டி விற்றே மூன்று பெண்களை ஆளாக்கியவள். கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் தாளோடு அதிகாரி நசீபுல்லோவும் காலையிலேயே வந்து நின்றபோது அவள் அடுப்பை மறித்துக்கொண்டாள். வாயும் அடங்கவில்லை.

"உள்ள ரொட்டி வேகுது. தைரியம் இருந்தா இடிங்க பாக்கலாம்!"

வந்த ஆட்களில் ஒருவனான ஷோதி கடப்பாரையைக் கீழே போட்டான். "வேகுற ரொட்டி மேல கைவச்சா என் குடும்பமே விளங்காது சார். வேணும்னா நீங்க இடிங்க."

நசீபுல்லோவும் தஜிக் தாய் பெற்ற பிள்ளைதானே. தரையில் ரொட்டித் துணுக்கைக் கண்டால் கண்ணில் ஒற்றி உயரத்தில் எடுத்து வைக்காமல் ஒரு நாளும் தாண்டியதில்லை.

"சரி, வேகட்டும். எடுத்ததும் இடிச்சிடுவோம்."

எடுத்தாள். எடுத்த கையோடு அடுத்த ரொட்டியை அடுப்பின் உட்சுவரில் ஒட்டினாள். மத்தியானம் வரை இதே கூத்து. காத்திருந்த மூவரும் ஆளுக்கு இரண்டு ரொட்டியைத் தின்றே தீர்த்துவிட்டார்கள்.

பிறகு மாவு தீர்ந்தது. கடைசி ரொட்டி உள்ளே சிவந்துகொண்டிருந்தது. கொக்கியைப் பிடித்தபடி, எடுக்க மனம் வராமல் நின்றாள் ஓய்ஜமால்.

"கருகிடப் போவுதுக்கா," என்றான் ஷோதி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது மூன்றாம் மாடி முனீரா படியிறங்கி வந்தாள். புகை தாங்கவில்லை என்று நகராட்சிக்கு மனுப் போட்ட புண்ணியவதியே அவள்தான். இடுப்பில் குண்டான் நிறையப் பிசைந்த மாவு.

"என்னடி முழிக்கிற? புகைக்குழாய் வைக்கச் சொல்லித்தான் எழுதினேன். இதுகளுக்குப் படிக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றது? போடு இதை!"

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் குண்டான்கள் வர ஆரம்பித்தன. நசீபுல்லோ வரிசையின் கடைசியைத் தேடிப் பார்த்தார். அது கட்டிடத்தின் மூலை திரும்பியும் நீண்டிருந்தது. தாளை முழங்காலில் வைத்து, 'இடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னியிலேர்ந்து சர்க்கார் கணக்குல உனக்கு அடுப்பே கிடையாது. பெரிய ஆளுங்க யாராச்சும் வந்தா தார்ப்பாய் போட்டு மூடித் தொலை."

ஓய்ஜமால் அழுதுகொண்டே சிரித்தாள். கருகிப்போன ரொட்டியை எடுத்து அவர்முன் நீட்டினாள்.

"இல்லாத அடுப்புல சுட்டது. சாப்பிடுங்க."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.