ஆத்துக்கு வேலி

யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை. வேலி இருக்கு, வேலிக்காக வெட்டுக்குத்தும் இருக்கு. அங்கயிருந்து வந்த எங்களுக்கு வன்னியில, ஒட்டுசுட்டான் பக்கம் காணி கிடைச்சபோது, அதாலதான் பக்கத்தில கிடந்த வெள்ளை மணலை நான் ஆக்கள் போய்வாற ஒழுங்கை எண்டு நினைச்சன். ஒழுங்கையோட சேர்ந்த காணி எண்டு கண்ட கண்ட ஆக்களிட்ட பெருமை வேற அடிச்சன்!

"ஐயோ தங்கச்சி, அது ஆறு!" எண்டு பக்கத்துக் காணி அப்புத்துரை அண்ணை வயிறு குலுங்கச் சிரிச்சார். அவர் வன்னியிலயே பிறந்து வளர்ந்தவர். "சின்ன ஆறுதான். இப்ப கொஞ்சக் காலமா வாறேல்லை."

வராத ஆறு என்னத்துக்கு? குளத்து வாய்க்காலில எங்கட காணி கடைசி. முன்காணிக்காரர் எடுத்து முடிய எங்களுக்கு ஈரமும் மிஞ்சாது. தை பிறந்திட்டுது, மழை நிண்டிட்டுது, நெல்லு கதிர் தள்ளுற நேரத்தில வாடுது. என்ரை மனுசன் தில்லைநாதன் இடிஞ்சு போனார்.

"பயிர் செத்தால் ஊருக்கு, அண்ணையிட்டயே திரும்பிப் போவம், விமலம்" எண்டார்.

இவற்ற தமையனிட்டயோ! வருசா வருசம் வேலியை எங்கட பக்கம் தள்ளித் தள்ளி அடைச்சு எங்களைத் துரத்தின மனுசன். அவற்ற வீட்டில போய் நான் ஒட்டியிருக்கவோ? "நீங்கள் போங்கோ, நான் வரமாட்டன்!" எண்டு கத்திப்போட்டு, வந்த ஆத்திரத்தில அந்த மணலாலயே மேல்காட்டுப் பக்கம் நடந்தன். யானைக் காடு. பாவம் இவர், கோடாலியைத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடி வந்தார்.

ஒரு வளைவு திரும்பினால், தண்ணி ஓடுது! ஆனால் எங்கட பக்கம் இல்லை. யானையள் இறங்கி ஏறிக் கரையை மிதிச்சு உடைச்சிருக்குது. அந்த உடைப்பால தண்ணி முழுக்க மற்றப் பள்ளத்தில இறங்கி, ஒருத்தருக்கும் உதவாமல் கடலுக்குப் போகுது. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. எங்கட தலைக்கு மேல மழை பெய்யத் தேவையில்லை. அந்தக் காடு முழுக்க விழுந்த மழைத்தண்ணி எங்களுக்கு வரவேண்டியது. எனக்கு வந்த கோபம்!

இவர் உடைப்பை ஒருக்கா ஏற இறங்கப் பார்த்தார். "இதென்ன, பொட்டுத்தானே" எண்டார். வேலியில நாய் பூருற ஓட்டையைத்தான் நாங்கள் பொட்டு எண்டுறது. பொட்டு அடைக்கிறதில இவரை வெல்ல ஆளில்லை.

தடி வெட்டிக் கதியாலா நட்டு இறுக்கினார், முள்ளுக் கொப்பு அலம்பல் வைச்சார், காட்டுக்கொடியால வரிஞ்சு கட்டினார். நான் களிமண்ணைச் சுமந்து சுமந்து அப்பினன். அப்புத்துரை அண்ணையும் மண்வெட்டியும் கூடையுமா எங்களைத் தேடி வந்தார். "ஆத்துக்கும் வேலியோ! உங்கட யாழ்ப்பாணத்து ஆக்களைத் திருத்தேலாது" எண்டு சிரிச்சார். சிரிச்சபடியே மண்ணை வெட்டத் தொடங்கினார்.

கடைசிக் கூடை மண்ணோட தண்ணி வேலியை முட்டிச்சுது. வேலி அசையேல்லை. தண்ணி ஒரு சுழி சுழிச்சுத் திரும்பிச்சுது.

நாங்கள் மூண்டு பேரும் தண்ணிக்கு முன்னால ஓடினம். மேல வானம் வெளிச்சுக் கிடக்குது, ஒரு முகில் இல்லை. பின்னால சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஆறு வருகுது. இவர் மண்மூட்டையால ஆத்தை மறிச்சு வரம்பை வெட்டிவிட, வெடிச்சுக் கிடந்த வயல் சளசளவெண்டு குடிச்சுது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்துது.

முழங்கால் சேத்தில நிண்டபடி இவர் நாங்கள் இருக்கிற ஓலைக் கொட்டிலைப் பார்த்தார்.

"அறுப்பு முடிய நல்ல வீடொண்டு கட்டுவம், விமலம். வாசலை எந்தப் பக்கம் வைக்கிறது?"

"ஆத்தைப் பாத்து வையுங்கோ!" எண்டு காடு அதிரக் கத்தினன்.