வேராவின் பெயரில் ஓர் ஆடுகளம்

சுவிஸின் ஓல்டன் நகர முதியோர் இல்லத்தில் இருந்த அலேனா ஷிம்கோவாவுக்கு வந்த கடிதத்தை, அவரைப் பராமரிக்கும் செல்வராணிதான் பிரித்துக் கொடுத்தாள். அலேனா டென்னிஸ் பழகிய செக் நாட்டுக் கழகம் எழுதியிருந்தது. உலகப் பட்டங்கள் வென்ற அலேனாவின் பெயரைத் தங்கள் ஆடுகளத்துக்குச் சூட்டப்போகிறார்களாம்.

அலேனா மகிழவில்லை.

"வேராவின்ர பேரை வைக்கச் சொல்லி எழுதுங்கோ, ராணி" என்றார் ஜெர்மன் மொழியில்.

"ஆர் வேரா?"

இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய இணை. 1975இல் ஒரு போட்டிக்காக இருவரும் சுவிசுக்கு வந்தார்கள். கடைசி நாள் காலை, வேரா குளித்துக்கொண்டிருந்தபோது அலேனா ஹோட்டலிலிருந்து இறங்கிப் போய்ப் பொலிஸில் தஞ்சம் கேட்டார். பிறகு பத்து வருடம் வெற்றிமேல் வெற்றி. அலேனா தப்பியதற்காக, நாடு திரும்பிய வேராவின் கடவுச்சீட்டைக் கம்யூனிஸ்ட் அரசு பறித்தது; விளையாடவும் விடவில்லை. நூல் ஆலையில் வேலைக்குப் போனதாகக் கேள்வி.

"சொல்லியிருந்தால் அவளும் வந்திருப்பாள். ரெண்டு பேரெண்டால் பிடிபட்டிடுவம் எண்டு பயந்தன்."

"பிறகு போய்ப் பாக்கேல்லையோ?"

"அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு விட்டிட்டன்."

யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது செல்வராணியும் சிலரிடம் சொல்லாமல் வந்தவள்தான்.

மறுநாள் கழகத்திடம் வேராவின் தொலைபேசி எண்ணை வாங்கினாள். அலேனா தலைவாரி, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு பேச உட்கார்ந்தார். எடுத்தது வேராவின் மகள் பெத்ரா. இரண்டு நிமிடம் செக் மொழியில் பேசிவிட்டு அலேனா போனை வைத்தார்.

"பெப்ரவரியில செத்துப்போனாளாம். தாய் டென்னிஸ் விளையாடினவ எண்டே மகளுக்குத் தெரியாது. நான் சொல்லாமல் விட்டிட்டு வந்ததையும் சொன்னன்."

வேராவுக்குப் பெரிய பட்டம் எதுவும் இல்லையே என்று கழகம் தயங்கியது. அப்படியென்றால் என் பெயரும் வேண்டாம் என்று அலேனா எழுதவைத்தார். இரண்டு மாதம் கழித்து அவர்கள் இணங்கினார்கள்.

திறப்பு நாளுக்கு, செல்வராணி விடுப்பெடுத்து அவரை ரயிலில் அழைத்துப் போனாள். நாற்பது வயதைத் தாண்டிய பெத்ரா, பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நின்றாள். செல்வராணிக்கும் புரியட்டும் என்று ஜெர்மனிலேயே கேட்டாள்.

"அம்மா நல்லா விளையாடுவாவோ?"

"என்னைவிட நல்லா. தனியாட்டத்தில நான் ஒருக்காலும் அவளை வெண்டதில்லை."

தாயின் கல்லறைக்கு எந்த ட்ராமில் போக வேண்டும் என்று மட்டும் பெத்ரா சொன்னாள். தான் உடன் வரவில்லை என்றாள்.

அலேனாவும் செல்வராணியும் தனியே போனார்கள்.