லிட்டருக்கு இருபத்திநாலு

1

இந்தக் கதை அதியமான்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்றவர் டேங்கை வாய்வரை நிரப்பச் சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியேற காரை இடுப்பால் ஆட்டிக்கொண்டிருந்தார். (டேங்க்குக்கு டேங்க் மைலேஜ் பார்க்கிறவர்கள் செய்யும் சடங்கு.) பிறகு, போன் பேசக் கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர்கீழே நின்று போனை எடுத்தார். “பதினாறுதான் வந்துச்சு பாப்பா” என்றார். நஷ்டத்தை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன குரலை நான் கேட்டதில்லை.

அவருக்கு இன்னாசிராஜ் என்று பெயர் வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் என் உற்பத்தி. விளம்பரத்தில் சொன்னபடி ஓடும் என்று நம்ப வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: ‘தொப்பூர்க் கணவாயின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை—’

அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: ‘மனிதன் என்பவன் ஓர் எரிபொருள்—’

இதை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியது எதுவும் உருப்பட்டதில்லை.

மூன்றாவது: மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற இன்னாசிராஜ், லிட்டருக்கு இருபத்திநாலு கிலோமீட்டர் என்று சொன்ன காரை வாங்கினார். அது பதினாறு கொடுத்தது. மகள் பிளசி சென்னையில் கார்களைச் சோதிக்கும் கூடத்தில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

“நீங்கல்லாம் சேந்து ஊரை ஏமாத்தறீங்களா பாப்பா?”

“ஏமாத்தலீங்கப்பா. வண்டிய உருளை மேல நிறுத்தி ஓட்டறோம். சக்கரம் சுத்தும், வண்டி நகராது. மேடு கெடையாது, டிராபிக் கெடையாது, ஏசி போடறதில்ல, பதமா மிதிக்கறோம். நீங்க ஏசியப் போட்டுக்கிட்டு தொப்பூர் மேடு ஏறுனா அது எப்படி வரும்?”

“அப்ப அந்த ரூம்லயே குடியிருந்தா இருபத்திநாலு வருமா?”

அவள் சிரித்துவிட்டாள்.

3

அந்தச் சிரிப்பில்தான் வினை. மனைவி மிக்கேலம்மாள் இருந்தவரை போன் அவள் கையில்தான் இருந்தது. இன்னாசிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து காதில் விழுவதைக் கேட்டுக்கொள்வார். அவள் போன பிறகு போன் இவர் கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. “சாப்டீங்களாப்பா?” “ஆச்சு.” “மாத்திர?” “ஆச்சு.” அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

மைலேஜ் வந்த பிறகு மகள் வாராவாரம் பேசினாள். சூடேறாத எஞ்சின், டயரில் குறைந்த காற்று, டிக்கியில் ஏற்றிய எடை என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். எதைச் செய்யாதே என்றாளோ அதை இவர் கவனமாகச் செய்தார்.

[இடைச்செருகல்: எடை கூடினால் மைலேஜ் குறையும் என்கிறாள் பிளசி. இந்த வீட்டில் ஓர் ஆள் எடை குறைந்திருக்கிறது. நியாயமாக வண்டி இலேசாக ஓடியிருக்க வேண்டும். இதை அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வெளியே விட்டால் கதை அழ ஆரம்பித்துவிடும்.]

4

இன்னாசிராஜ் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை பாடு எதற்கு, பதினாறு என்று வாயால் சொன்னால் போதாதா? கேட்டுப் பார்த்தேன். மகளிடம் பொய் சொல்ல மாட்டாராம். அதனால் மைலேஜை நிஜமாகவே குறைத்திருக்கிறார். இப்படிப்பட்ட யோக்கியரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது சிரமம்.

ஒரு ஞாயிறு பிளசி சொன்னாள்: “தர்மபுரியில எங்கூடப் படிச்ச பிரபாகர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். ஒருவாட்டி காட்டுங்கப்பா. இந்தப் பிரச்சினைய முடிச்சிடலாம்.”

‘முடிச்சிடலாம்’ என்ற சொல் இவருக்குப் பிடிக்கவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

பிரபாகர் டிக்கியைத் திறந்தான். உள்ளே புளி மூட்டைகள்.

“யாவாரமுங்களா?”

“இல்ல. கெடக்குது.”

குனிந்து டயர்களைப் பார்த்தான். “பஞ்சர்னா ஒண்ணுதான் எறங்குமுங்க. இது நாலும் ஒரே அளவா எறங்கியிருக்குது. ஆரோ அளவு பாத்துப் புடுங்கி உட்ருக்காங்க.”

“ரோடு சரியில்ல” என்றார் இன்னாசிராஜ், வேறு பக்கம் பார்த்தபடி.

அவன் காற்றடித்தான். மூட்டைகளை இறக்கி வைத்தான். “இனிமே இருபது தாண்டுமுங்க. பிளசிகிட்ட நானே சொல்லிடட்டுங்களா?”

“வேண்டாம் கண்ணு. அதையாவது நான் சொல்றேன்.”

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

முதலாவது: மைலேஜ் ஒரு சாக்குதான் என்று பிளசிக்கு முதல் வாரமே தெரியும். தெரிந்தேதான் விளக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ் ஏறி வந்து அப்பாவின் தோளில்— இது உருளைமேல் ஓடும் முடிவு. மேடில்லாத அறையில் இருபத்திநாலு கொடுக்கும். எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரோட்டில் இறக்கத் தைரியமில்லை.

இரண்டாவது: “இருபத்தொண்ணு வந்துச்சு பாப்பா.” “நாந்தான் சொன்னேன்லப்பா. சரி, சாப்டீங்களா?” “ஆச்சு.”

இது ரோட்டில் ஓடும். அதனாலேயே எனக்கு—

6

ஞாயிறு. அதே பங்க். இன்னாசிராஜ் டேங்கை நிரப்பி, வண்டியை ஆட்டி, மறுபடியும் நிரப்பிவிட்டார். மனக்கணக்கும் போட்டாயிற்று. இருபத்தொன்று. பொய் சொல்ல மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்குச் சொல்ல வேறொரு சொல் இவரிடம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. பலகைக்குக் கீழே போய் நின்று போனைக் காதில் வைக்கிறார்.

“சொல்லுங்கப்பா.”

அவர் வாயைத் திறக்கிறார்.

நான் பக்கத்து வரிசைக்கு நகர்ந்துகொள்கிறேன். அவர் வண்டிக்குப் பின்னால் இப்போது நிற்பது நீங்கள். அவசரம் இருக்கலாம். ஆனாலும் கொஞ்ச நேரம் ஹாரன் அடிக்காதீர்கள்.