கை தட்டினவர்கள்

பொங்கல் விழாவில் நன்றியுரை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியாக இருந்தவள் என்பதுதான். கோர்ட்டில் வழக்குப் பேசினவளுக்கு நாலு பேருக்கு நன்றி சொல்லத் தெரியாதா என்று விழாக் குழு ஏகமனதாக முடிவெடுத்துவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு மெல்பேர்னில் எங்கள் ஆட்களின் தொகை அவ்வளவுதான். நான் மாட்டேன் என்றால் மாற்றுக்கு ஆள் இல்லை.

என் பிரக்கிராசிப் படிப்பை இந்த ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் பலக்லாவாவில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இருந்த சின்னச் சட்ட உதவி அலுவலகத்தில் கிளாக்காக இருந்தேன். இனம் பார்த்து, நிறம் பார்த்து வேலை மறுத்தார்கள், வீடு மறுத்தார்கள் என்று வருகிறவர்களின் முறைப்பாட்டைக் கேட்டு எழுதுவது என் வேலை. அப்படி மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பலருக்கு அது வந்ததே தெரியாது, தெரிந்தவர்கள் நம்பவில்லை. புதன்கிழமைகளில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அதைப் பற்றி வகுப்பும் எடுப்பேன். யூதர்கள் எல்லாரும் பணக்காரர்கள்தானே என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும். உங்கள் ஊரில் யானையில் ஏறியா பள்ளிக்கூடம் போவீர்கள் என்று இன்னொன்று கேட்கும். இரண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் திருமதி லாண்டர் எங்கள் அலுவலகப் படியில் நின்று நின்று ஏறி வந்தார். முழங்கால் வருத்தம். வியன்னாவில் பிறந்து, யூதக் குடும்பம் என்பதால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஷாங்காய்க்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். ஒரு நூலகத்தில் வேலை. மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், கீழ்த் தளத்தில் ஒரு பிளாற் வீடு வாடகைக்கு என்று போர்ட் தொங்கியது. ரெலிபோனில் கேட்டபோது உடனே வாருங்கள் என்ற ஏஜென்ற், நேரே போய்ப் பெயரைச் சொன்னதும், இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்றாராம். போர்ட் அதற்குப் பிறகும் இறங்கவில்லை.

"இதே வசனத்தை மூன்று நாடுகளில் கேட்டுவிட்டேன். இங்கேதான் அதற்குச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். சரி, எழுதிப் பார்ப்போம் என்று வந்தேன்" என்றார். கோபமாகப் பேசவில்லை. பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

ஏஜென்ற்றின் பெயர் கொலின் மெரிக் என்று அவர் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் பொங்கல் விழாவின் பிரதம விருந்தினரே அவர்தான். மற்ற ஏஜென்ற்மார் எங்கள் தோலைக் கண்டதும் சாவி தொலைந்துவிட்டது என்பார்கள். மெரிக் மட்டும் மறு கேள்வி கேட்காமல் வீடு கொடுப்பார். புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்கள் அவரையும் கூப்பிடுவார்கள். அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, பால் பொங்குவதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த வருடம் பொன்னாடை போர்த்துவதென்று குழுவில் முடிவாகியிருந்தது.

குழுத் தலைவர் சிவபாலன் அண்ணையிடம் போனேன். கணக்கு வாத்தியார், நேர்மையான மனிசன், ஆனால் சரியான பிடிவாதம்.

"அண்ணை, இந்த முறை மெரிக்கைக் கூப்பிடாமல் விடுங்கோ. காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"காரணம் இல்லாமல் எப்பிடித் தங்கச்சி? எங்கட சனத்துக்குக் கதவு திறக்கிற ஒரே மனிசன். அவரையும் பகைக்கச் சொல்லுறியளோ?"

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

விழா ஒரு சேர்ச் மண்டபத்தில் நடந்தது. தேவாரம் முடிந்து, பொன்னாடை போர்த்தி, மெரிக் பேச எழும்பினார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். "ஏன் இவர்களுக்கு வீடு கொடுக்கிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். இவர்கள் சுத்தமானவர்கள், படித்தவர்கள் என்று சொல்வேன். பார்க்கப்போனால் இவர்களும் நம்மைப் போல ஆரியர்கள்தானே!" மண்டபம் நிறைந்த தமிழர்கள் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகு, திருமதி லாண்டர் கேட்டுப்போன கட்டடத்தைப் பற்றிச் சொன்னார்: "அந்தக் கட்டடத்தை உங்களுக்கென்றே வைத்திருக்கிறேன். யூதர்களைப் போல் நீங்கள் தொல்லை தருவதில்லை. அங்கே ஒரு யூதரைக்கூட நான் விட்டதில்லை, இனியும் விடமாட்டேன்."

அதற்கும் கை தட்டினார்கள். பிரதம விருந்தினர் மூச்சு வாங்க நிறுத்தினாலே தட்டுகிறவர்கள்தான் நாங்கள். பின்வரிசைக்காரர் அப்படித் தட்டியிருக்கலாம். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு விளங்கியது. விக்னராஜா என்ற பொடியன், ஒரு கொம்பனியில் இஞ்சினியர், முன் கதிரையில் இருந்தான். அவன் கை ஒருமுறை நின்றது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான், பிறகு அவனும் தட்டினான்.

என் முறை வந்தது. மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். பொங்கல் பொங்கினவர்களுக்கு, தேவாரம் பாடின பிள்ளைகளுக்கு, கதிரை அடுக்கினவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். மெரிக்கின் பெயரைச் சொல்லவில்லை. போய் இருந்துவிட்டேன்.  சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

எங்கள் அலுவலகச் சொலிசிற்றர் ஹெர்ஷ் நடந்ததைக் கேட்டுவிட்டு, "முறைப்பாடு எழுதினவளே சாட்சியும் சொன்னால் எடுபடாது. மண்டபத்தில் இருந்த வேறு ஒருவர் வேண்டும்" என்றார். வீடு வீடாகப் போனேன். ஒருவர் அடுப்படியில் நின்றாராம். ஒருவருடைய குழந்தை அழுததாம். இன்னொருவருக்கு மெரிக்கின் இங்கிலீஷ் பிடிபடவில்லையாம். ஆனால் நான் நன்றி சொல்லாமல் விட்டது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டிருந்தது. அதற்கு என்னைத் தேத்தண்ணி தந்து திட்டினார்கள்.

விக்னராஜா தேத்தண்ணியும் தரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"பாமா அக்கா, அவர் கதைச்சது எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

"முன் கதிரையில இருந்தனீர் தம்பி."

நிலத்தைப் பார்த்தான். "என்ர அக்காவும் பிள்ளையளும் வருகினம். போன வருசக் கலவரத்தில அநுராதபுரத்தில வீட்டை எரிச்சுப்போட்டாங்கள். உடுத்த உடுப்போட யாழ்ப்பாணம் வந்ததுகள். மெரிக் அந்தக் கட்டடத்தில ஒரு பிளாற் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கோ."

 அவன் அயோக்கியனாக இருந்திருந்தால் ஒரு பாட்டம் ஏசிவிட்டு வந்திருப்பேன். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் என்னை அப்படிக் களைக்கச் செய்தது.

சமரசக் கூட்டத்துக்கு நாங்கள் சாட்சி இல்லாமலே போனோம். ஒரு மேசை, சுற்றிக் கதிரைகள், நடுவில் இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான கமிஷனர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. யூதர் என்பது மதம், சட்டம் இனத்தைப் பற்றியது, ஆகவே இந்த முறைப்பாடே செல்லாது என்று மெரிக்கின் சொலிசிற்றர் ஆரம்பித்தார். அது மதம் மட்டுமல்ல, வம்சமும்தான் என்று ஹெர்ஷ் பதில் சொன்னார். திருமதி லாண்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் யார் என்று இவர்கள் எப்போது முடிவுசெய்வார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

மெரிக் தன் நல்ல மனதுக்குச் சாட்சியாகச் சிவபாலன் அண்ணையைக் கூட்டிவந்திருந்தார். அண்ணை கோட்டும் ரையுமாக வந்து, மெரிக் எத்தனை குடும்பத்துக்கு வீடு கொடுத்தார் என்று அழகாகச் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னைக் கண்டதும் அடக்க முடியவில்லை.

"இந்த அம்மா சொல்வதை நம்பவேண்டாம். பிரதம விருந்தினருக்கு நன்றி சொல்லாமல் எங்கள் சமூகத்தையே தலைகுனிய வைத்தவர் இவர்."

"ஏன் நன்றி சொல்லவில்லை?" என்று அதிகாரி கேட்டார்.

"அவர் எங்களைப் புகழ்ந்தது இவருக்குப் பிடிக்கவில்லை."

"என்னவென்று புகழ்ந்தார்?"

"நாங்கள் சுத்தமானவர்கள், படித்தவர்கள், யூதர்களைப் போல் தொல்லை தருவதில்லை, அதனால் அவர்களை அங்கே விடாமல்..." அண்ணை நிறுத்தினார். அவருக்குக் கேட்காத மாதிரி இருக்கத் தெரியும், நேரே கேள்வி கேட்டால் பொய் சொல்லத் தெரியாது. முகம் இருண்டுபோயிற்று. மெரிக் யன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கு அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு நேரம் எடுக்கவில்லை. மெரிக் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் கீழ்த் தள பிளாற் இன்னும் காலிதான் என்றும், மாதக் கடைசி வரை அதைத் திருமதி லாண்டருக்கென்று வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். வெளியே வந்து ட்ராமுக்குக் காத்திருந்தபோது, எப்போது குடிபோகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் அங்கே போகமாட்டேன் பாமா. அந்த மனிதன் வாயால் எடுத்துக்கொள் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டான். வாடகை கொடுக்க மாதாமாதம் அவன் முகத்தில் முழிக்க எனக்குத் தெம்பு இல்லை" என்றார். வென்ற வழக்கு இப்படித்தான் இருக்கும் என்று பிரக்கிராசிப் படிப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டு வாரம் கழித்து விக்னராஜா எங்கள் படியேறி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. நான் காட்டிய கதிரையில் இருக்கவில்லை.

"மெரிக் தாறன் எண்ட பிளாற் இல்லையெண்டு போச்சு, அந்தக் கீழ் பிளாற்றைக் கேட்டனான் அக்கா. அந்த யூத அம்மா அங்க போகேல்லையாம் எண்டு கேள்விப்பட்டு. இப்பத்தான் ஒருத்தர் எடுத்திட்டார் எண்டு மெரிக் சொல்லுறார். உங்கட ஆக்களுக்கு இனி என்னட்டை ஒண்டும் இல்லை எண்டும் சொன்னவர். ஆனால் போர்ட் தொங்குது. அக்கா ஆக்கள் வாற கிழமை வந்து இறங்குகினம். வேற எல்லா இடமும் கேட்டிட்டன், ஒருத்தரும் தரேல்லை."

உமக்கு நல்லா வேணும் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. ஹெர்ஷைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு, வழி ஒன்றுதான் இருக்கிறது என்றார். மாதம் முடியவில்லை. திருமதி லாண்டர் இங்கே வந்து, எங்களுக்கு முன்னால் மெரிக்குக்கு ரெலிபோன் எடுத்து, என் பிளாற் இருக்கிறதா என்று கேட்டால் போதும். இருக்கிறது என்று மெரிக் சொல்லித்தான் ஆகவேண்டும், கையெழுத்துப் போட்டவர். இருந்தால், யாரோ எடுத்துவிட்டார் என்று விக்னராஜாவுக்குச் சொன்னது பொய் என்று ஆகும், அதை வைத்து அவனுக்கும் முறைப்பாடு எழுதலாம். ஆனால் லாண்டர் சம்மதிக்கவேண்டும். தன் வழக்கு முடிந்தவர், அவரைக் கட்டாயப்படுத்த எங்களுக்கு உரிமை இல்லை.

நான் திருமதி லாண்டருக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"அவர் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தாரா?"

சமாளித்திருக்கலாம். எத்தனையோ வழக்கில் சமாளித்தவள்தான் நான். அவரிடம் மனம் வரவில்லை. "அவர் இங்கேதான் நிற்கிறார்" என்றேன்.

"அப்படியானால் அவரிடம் கொடு."

விக்னராஜா ரிசீவரை வாங்கி நேராக நின்றான். இங்கிலீஷில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"ஆம் மேடம். முன்வரிசையில் இருந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"கேட்டது மேடம். எல்லாம் கேட்டது. கேட்கவில்லை என்று இவர்களுக்குப் பொய் சொன்னேன்."

திரும்பவும் ஏதோ கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். என்னால் அவனுக்கு உதவ முடியவில்லை.

"தட்டினேன் மேடம்."

 திருமதி லாண்டர் ரிசீவரை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அவன் தலை மெதுவாக அசைந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"களைச்சுப் போனன் எண்டு சொல்லுறா அக்கா. நாளைக்கு எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு கேக்கிறா."

சொல்லி முடிக்கவில்லை, அழத் தொடங்கிவிட்டான். ஒன்பது மணி என்று நீரே சொல்லும் தம்பி என்றேன். அவனால் முடியவில்லை. ரிசீவரை வாங்கி நான்தான் சொன்னேன்.