சுவரில் சிக்கிய மூட்டை

ஒரு வீடியோ விளையாட்டைச் செய்து விற்கிறவனுக்குக் கொஞ்சமேனும் நாணம் வேண்டாமா? அட்டைப்பெட்டியின் மேலே நெருப்புக் கக்கும் நாகம். உள்ளே திரையில் வருவதோ, கண் இரண்டும் ஒரே பக்கம் ஒட்டிய சாம்பல் உருண்டை! கூரை வேய்ந்த கொட்டகைக்குள்ளே மழை பெய்கிறது. தீனியைக் கவ்வியபடியே பிராணி தூங்கிப்போகிறது. இதை வளர்த்து ஆளாக்கி மலைக்கு அப்பால் அனுப்ப வேண்டுமாம். இந்த அரைவேக்காட்டுப் பண்டத்தைத்தான் பேருந்து ஓட்டுநரான என் அண்ணன் உயிராய்ப் போற்றி வந்தார்.

நான் மின்சாதனங்கள் பழுது பார்ப்பவள். இஸ்திரிப் பெட்டிகள் மேசையில் வரிசைகட்டி நின்ற ஒரு காலையில், அண்ணன் விளையாட்டுப் பெட்டியை ஒரு கையிலும், கேசட்டைத் துணியில் சுற்றி மறு கையிலும் ஏந்தி வந்தார்.

"பாப்பா, மூட்டைக்கு உடம்பு சரியில்ல."

என் தலை பாதி நரைத்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பா. மூட்டை என்பது அந்த உருண்டைக்கு அவர் வைத்த பெயர்.

"அதுக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கா?"

"கிண்டல் பண்ணாத. கேசட்டுக்குள்ள இருக்கிற பேட்டரி தீரப்போகுதாம். தீந்துட்டா எல்லாமே அழிஞ்சிடுமாம்."

மூட்டையின் கதையைக் கேளுங்கள். அந்த விளையாட்டில் பிராணி கொட்டகைக்குள் வந்து படுத்தால்தான் அதற்கு ஒரு வயது கூடும். வயது முற்றினால் செத்துப்போகும். மூட்டையோ பிறந்த அன்றே கொட்டகைச் சுவரில் சிக்கிக்கொண்டது. தலை உள்ளே, வால் வெளியே. படுக்க முடியாது, ஆகவே வயதும் கூடாது. சீழ்க்கைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அதற்குத் தீனி போட்ட அண்ணன் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வளரவும் விடாம சாகவும் விடாம சுவத்துல சொருகி வெச்சிருக்கியே, இதுக்குப் பேரு வளர்ப்பா? இது சிறை, அண்ணா!"

"நானா சொருகினேன்? அதுவா மாட்டிக்கிச்சு." துணியை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார். "பையன் கடல் தாண்டிப் போயிட்டான். உன் அண்ணிக்கும் வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. வேலை முடிஞ்சு வந்தா, விட்ட இடத்துலயே யாராவது இருக்க வேணாமா?"

திருப்புளியை எடுத்தேன்.

"என் இஸ்திரிப் பெட்டி எப்பம்மா கிடைக்கும்?" என்றார் கதவோரம் காத்திருந்த டீச்சர்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். ஒரு உயிர் ஊசலாடுது."

பழைய பேட்டரியைப் பிடுங்கும் நொடியில் நினைவு அழிந்துவிடும். அதனால் மேசையில் இருந்த மின்னூட்டப் பெட்டியிலிருந்து இரு மெல்லிய கம்பிகளைக் கேசட்டில் பற்றவைத்தேன். அந்த மின்சாரம்தான் இனி மூட்டையின் மூச்சு. பழைய பேட்டரி கழன்று வந்தது. புதியதைப் பொருத்தக் குனிந்தேன்.

இங்கே என் கடைச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "திறந்த பொருளில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கு!" என்று அதில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. எழுதியவள் நான். யாருக்காக? ஓடுகிற மின்விசிறிக்குள் ஒருமுறை திருப்புளியை விட்ட இந்த அண்ணனுக்காக! பார்க்கும்போதெல்லாம் அவரை அதை உரக்கப் படிக்கவும் வைத்திருக்கிறேன்.

தேநீர் வாங்கப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தார். திறந்து கிடக்கும் கேசட்டைப் பார்த்தார். அதிலிருந்து போகும் கம்பியைப் பார்த்தார். குனிந்திருந்த தங்கையைப் பார்த்தார். பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"பைத்தியமா நீ? ஷாக் அடிச்சிருக்கும்! ஊருக்கெல்லாம் பலகை எழுதி மாட்டினா போதுமா?"

என் சட்டத்தை என்னிடமே நிறைவேற்றியவரை எந்த வாயால் திட்டுவது?

புதிய பேட்டரியைப் பொருத்தி, கேசட்டை விளையாட்டுப் பெட்டியில் செருகி, கடைத் தொலைக்காட்சியில் போட்டேன். திரையின் நடுவே ஒரு முட்டை மட்டும் கிடந்தது.

"மூட்டை?" என்றார் அண்ணன். அவர் பார்வை கையிலிருந்த பிளக்குக்கு இறங்கியது. "நான்தானா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எவளால் முடியும்?

"உக்காரு. இதையும் சுவத்துல மாட்டி விடறேன்."

ஆம், சிறை என்று முழங்கிய நானேதான்! முட்டை வெடித்தது. வெளிவந்த உருண்டையை முற்றத்தில் விரட்டி விரட்டிக் கொட்டகை மூலையில் முட்டவிட்டேன். நழுவி ஓடியது. மறுபடி முட்டவிட்டேன். கொட்டகைக்குள் போய்ப் படுத்து, என் வயிற்றெரிச்சலுக்கென்றே ஒரு வயதைக் கூட்டிக்கொண்டது.

"இடது பக்கம் நெருக்குங்க!" என்று கத்தினார், இஸ்திரியை மறந்துவிட்ட டீச்சர்.

"நெருக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர், சனியன் வழுக்குது!"

கட்டைவிரல் மரத்துப்போன பிறகு ஒருவழியாகச் சிக்கியது. தலை உள்ளே, வால் வெளியே. பழைய மூட்டையேதான்!

"இந்தா, பிடி. இனிமே எங்கயும் போகாது."

அண்ணன் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். "இது ஓடுச்சு, பாத்தியா? மூட்டை ஓடி நான் பாத்ததே இல்ல, பாப்பா."

சொல்லிவிட்டுச் சீழ்க்கைப் பொத்தானை அழுத்தினார்.

பிராணி சுவரிலிருந்து விடுபட்டு வெளியே வந்தது.

"அண்ணா! என் விரலே ஒடிஞ்சு போச்சு!"

"அதுக்கென்ன இப்போ? ஓடட்டும் விடு."

தலையில் அடித்துக்கொண்டேன். வளர்க்கச் சொன்னபோது மாட்டி வைத்தார். மாட்டிக் கொடுத்தபோது அவிழ்த்து விடுகிறார். இந்த மனிதரோடு யார் வாழ்வது? திரையிலோ உருண்டை முற்றத்தைக் கடந்தது. கழுத்துவரை மண்ணில் புதைந்தது. புதைந்தது தெரியாமலேயே மலையை நோக்கி நடந்தது.

"அது எங்கப்பா போகுது?" என்றார் டீச்சர்.

"தெரியல டீச்சர்," என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் அண்ணன். "இதுக்கு மேல நான் பாத்ததில்ல."