முதலாளிக்கு ஒரு சுற்றுப் பெரிய சட்டை

திரைச்சீலைக் கடைக்காரர் யாருக்கும் கேட்ட அளவுக்குத் துணி வெட்டிக் கொடுத்ததில்லை. ஜன்னல் எவ்வளவு என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு சாண் சேர்ப்பார். "முதல் தண்ணியிலேயே சுருங்கும். அப்புறம் ஜன்னல் அரைக்கால் சட்டை போட்ட மாதிரி நிக்கும்" என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கூடுதலாக வாங்கிப் போவார்கள்.

நாய்க்குச் சட்டை வாங்கப் போனபோதும் அவர் இந்தப் பழக்கத்தோடுதான் போனார்.

நாயின் பெயர் முதலாளி. கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்தபடி, வருகிறவர்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு அதையும் மூடிக்கொள்வதால் மனைவி வைத்த பெயர். "கடையில வேலை செய்யாத ஆள் ரெண்டு பேர். ஒருத்தருக்குத்தான் பேர் வெச்சேன்" என்பாள். வயதான நாய். வயிற்றில் கட்டி வந்து, அறுவை செய்து, தையல் போட்டிருந்தார்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு அது சுவர் சுவராக முட்டிக்கொள்ளவே, டாக்டரம்மா அதைக் கழற்றிவிட்டார்.

"உடம்போட ஒட்டுற மாதிரி ஒரு சட்டை வாங்கிப் போடுங்க. தையல்ல நாக்கு படக் கூடாது. பிரிஞ்சா மறுபடி மயக்க மருந்து குடுக்கணும். இந்த இதயம் அதைத் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

செல்லப்பிராணிக் கடையில் இருந்த பெண் அளவைக் கேட்டு ஒரு சட்டையை எடுத்து வைத்தாள். கடைக்காரர் அதை இழுத்துப் பார்த்தார்.

"இதுக்கு அடுத்த சைஸ் என்ன விலைம்மா?"

"ரெண்டும் ஒரே விலைதான் சார். ஆனா உங்க நாய்க்கு இதுதான் சரி."

"ஒரே விலைக்குத் துணி கம்மியா வாங்க நான் என்ன நேத்துக் கடை வெச்சவனா? தோய்ச்சா சுருங்கும்."

"இது இழுபடுற துணி சார். சுருங்காது."

"எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்லுவாங்க. நானே சொல்லியிருக்கேன்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே மாட்டிப் பார்த்தபோது வயிற்றுப் பக்கம் தொட்டில் மாதிரி தொங்கியது.

"ஏங்க, இது முதலாளிக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்."

மறுநாள் மதியம் கடைக்காரர் ஒரு நீலத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து சளப் சளப் என்று சத்தம். தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து, கத்தரியை மேலும் ஓட்டினார். பிறகுதான் பார்த்தார்: தண்ணீர்க் கிண்ணம் கல்லாவுக்குப் பக்கத்தில், அவர் காலடியில் இருந்தது.

கத்தரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

முதலாளிக்குத் தலையைக் காணோம். கழுத்து ஓட்டை வழியாகத் தலையையும் ஒரு முன்னங்காலையும் சட்டைக்குள்ளே இழுத்துக்கொண்டு, துணி மூட்டை போலக் கிடந்தது. வயிற்றுப் பக்கம் நனைந்து, ஈரத்தின் நடுவே இளஞ்சிவப்பு.

"இங்க வாயேன்" என்றார். அந்தக் குரலிலேயே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், நாய் வீறிட்டது.

"இழுக்காதீங்க. கத்தரியால வெட்டுங்க."

காலமெல்லாம் துணி வெட்டிய கை. முதுகு வழியே நேராக ஒரு கோடு போகத் தெரியாமல் தடுமாறியது. ஒரு வழியாகச் சட்டை இரண்டானது. தையலில் ஒரு முடிச்சைக் காணவில்லை. அந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு பிளவு.

"தெறந்துடுச்சா?"

"தெரியல."

"நல்லாப் பாருங்க. சீலையில ஒரு நூல் போயிருந்தா எதிர் வாசல்லருந்தே சொல்லுவீங்களே."

"இது சீலை இல்லையே" என்றார் அவர்.

வண்டியில் போகும்போது நாயின் வாயைத் தன் கக்கத்துக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மனைவி வழியெல்லாம் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டாக்டரம்மா குனிந்தார். அழுத்தினார். விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடி அழுத்தினார்.

"உள்தையல் நிக்குது," என்றார் கடைசியில். "மேல ஒண்ணுதான் போயிருக்கு. மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு இங்கேயே சரி பண்ணிடலாம். ஆனா இன்னொரு தடவை நக்குச்சுன்னா…"

மீதியைக் கடைக்காரர் தனக்குள் முடித்துக்கொண்டார்.

தையல் போட்டதும் டாக்டரம்மா தன் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டினார். துணிக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைந்தது. 'இறுக்கமா இருக்கே' என்று கடைக்காரருக்குத் தொண்டை வரை வந்தது. மனைவி திரும்பிப் பார்த்தாள். விழுங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த முதலாளி, கடன் வாங்கிய கோட்டுப் போட்ட மாப்பிள்ளை போல விறைப்பாக நான்கு எட்டு நடந்து, இருவருக்கும் முதுகைக் காட்டிப் படுத்தது. நீலத் துணி பாதி வெட்டியபடியே கிடந்தது. திரைச்சீலை கேட்டு வந்தவரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, கடைக்காரர் தரையில் உட்கார்ந்தார். குனிந்து வயிற்றைத் தடவினார். ஈரமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குனிந்தார்.

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா தையலுக்கே கூச்சம் வந்துடும்" என்றாள் மனைவி. சொன்னவள், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கமாகக் குனிந்து தானும் பார்த்தாள்.

முதலாளி தலையைத் திருப்பி நாக்கை நீட்டியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது தன் மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.